பாராசிட்டமால்: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: காய்ச்சலுக்கு 650 மி.கி. பாராசிட்டமாலை நாளொன்றுக்கு நான்கு வேளையும், மூக்கடைப்புக்குத் தனியாக ஒரு சளி மாத்திரையை மூன்று வேளையும் போடுகிறேன். தவறா?

பதில்: சளி மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், இவற்றில் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அதில் 500 மி.கி. இருந்தால், 2,600-உடன் 1,500 சேர்ந்து நாள் கணக்கு 4,100 மி.கி. ஆகிவிடும். உடல்நலமுள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4,000 மி.கி.தான் உச்ச வரம்பு; நாள்தோறும் மது அருந்துபவர்களுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் அது இன்னும் குறைவு. இம்மருந்தில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சாக மாற, அதைக் குளூட்டாத்தயோன் என்னும் பொருள் உடனுக்குடன் முறித்துவிடுகிறது. அளவு மிஞ்சினால் அப்பொருள் தீர்ந்து, கல்லீரல் செல்கள் அழியத் தொடங்குகின்றன. முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறு அறிகுறியே தெரியாமல் போகலாம் என்பதுதான் என்னை மிகவும் அஞ்சவைக்கிறது. ஆகவே அளவு மிஞ்சியது தெரிந்ததுமே, உடம்பு நன்றாக இருந்தாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்னும் முறிமருந்தை, அளவு மிஞ்சி மருந்தை உட்கொண்ட 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: வெறும் வயிற்றில் போடலாமா?

பதில்: போடலாம். இது இப்யூபுரூஃபன் என்னும் வலிநிவாரணியைப் போல இரைப்பையைப் புண்ணாக்கும் மருந்தன்று.

கேள்வி: 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 5 மி.லி. சிரப் கொடுத்துவந்தோம். அது தீர்ந்துவிட்டதால், சொட்டு மருந்தை அதே அளவில் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250 மி.கி. இருக்கும், சொட்டு மருந்திலோ பொதுவாக 1 மி.லி.க்கே 100 மி.கி. உண்டு. கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்ற கணக்கில் உங்கள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி.க்கு மேல் தேவையில்லை. நீங்கள் கேட்கும் அளவோ 500 மி.கி. ஆகிறது. புட்டியோடு வரும் அளவுக்குழலையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: காய்ச்சலோடு உடம்புவலியும் கடுமையாக இருப்பதால், மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் கலந்த மாத்திரை தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றையும் தவிர்த்து, பாராசிட்டமாலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், டெங்குவால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் அவை ரத்தக்கசிவை மோசமாக்கக்கூடும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்களே ஆபத்தானவை. அப்போது கடுமையான வயிற்றுவலியோ, தொடர் வாந்தியோ, ஈறில் ரத்தமோ கண்டால், மாத்திரையை நம்பி வீட்டில் காத்திருக்காதீர்கள்.