டானூப் கரையோரம் சைக்கிளில்

கேள்வி: விடுமுறைக்கு கேம்பர்வானில் ஆஸ்திரியா போகிறோம். மகளுக்கு 9 வயது. சைக்கிள் ஓட எந்த இடம் நல்லது, அண்ணா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வாகாவ் பள்ளத்தாக்குக்குப் போங்கள் தங்கச்சி. மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை டானூப் கரையோரமாகவே பாதை போகிறது, பெரிய ஏற்றம் இல்லை. ஸ்பிட்ஸில் ஆற்றைக் கடக்க ஒரு படகு இருக்கிறது. அதற்கு இயந்திரமே கிடையாது. படகு மேலே கட்டிய கம்பியோடு பிணைந்திருக்க, நீரோட்டமே அதை அக்கரைக்குத் தள்ளுகிறது. என் மகன் சைக்கிள் மணியில் கை வைத்தபடி, சத்தமே இல்லாமல் நகரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. மகளுக்குக் கட்டாயம் ஹெல்மெட் வேண்டும். அங்கே 12 வயதுக்குட்பட்டோருக்கு அது சட்டம். அப்புறம், வேனுக்கான நெடுஞ்சாலைக் கட்டண வில்லையை (விக்னெட்) எல்லையிலேயே வாங்கிவிடுங்கள். வலப்பக்கமாக ஓட்டிப் பழக, முதல் நாளைச் சின்ன வீதிகளுக்கே ஒதுக்குங்கள்.