‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ படத்தில் டாம் குரூஸைத் தவிர வேறு யாராவது நடித்திருக்கிறார்களா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் படித்தேன். “பாதி கிராபிக்ஸ், மீதி டாம் குரூஸ். மற்றவர்கள் பின்னால் நின்ற கூட்டம்தானே, அவர்களுக்கு என்ன நடிப்பு வேலை?” என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தை ஒரே ஒரு முறை, அதுவும் போனில் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சண்டைக்கு வரவில்லை. ஆனால் நான் அந்தப் பின்னால் நிற்கிற கூட்டத்தில் ஒருவன். சென்னையில் துணை நடிகனாகப் பல வருஷமாக வேலை செய்கிறேன். அதனால் பதில் நீளமாகத்தான் இருக்கும்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. (இனிமேல் கதை தெரிந்துவிடும், வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.) 2014-இல் வந்த படம், இயக்குநர் டக் லைமன். ஹிரோஷி சகுராசாகா என்ற ஜப்பானிய எழுத்தாளரின் 2004-ஆம் ஆண்டு நாவல்தான் மூலம். வேற்றுக்கிரக உயிரினங்கள் ஐரோப்பாவைப் பிடித்துவிட்டன. டாம் குரூஸ் நடித்த மேஜர் கேஜ், டிவியில் ராணுவத்துக்கு விளம்பரம் பேசியே பதவியில் இருக்கும் ஆள். துப்பாக்கியின் லாக்கை எடுக்கக்கூடத் தெரியாது. தளபதியை மிரட்டிப் பார்க்கிறான், பதவியைப் பறித்து, ஓடிப்போன சிப்பாய் என்று முத்திரை குத்தி, பிரான்ஸ் கடற்கரைச் சண்டைக்கு அனுப்பிவிடுகிறார்கள். போன கொஞ்ச நேரத்தில் சாகிறான். சாகும்போது அந்த உயிரினத்தின் ரத்தம் மேலே பட்டுவிடுவதால், செத்த மறு நொடி முந்தின நாள் காலையில் கண் விழிக்கிறான். திரும்பச் சண்டை, திரும்பச் சாவு, திரும்ப அதே காலை.

இந்த மாதிரிக் கதையில் கஷ்டமான நடிப்பு யாருடையது என்று நினைக்கிறீர்கள்? அதே நாள் திரும்ப வருவது தெரிந்தவன் கேஜ் ஒருவன்தான். அவனுக்குப் பயம், எரிச்சல், சலிப்பு, தைரியம் எல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. நடிக்கிறவருக்கு அது கிடைக்கிற வரம். மற்ற அத்தனை பேரும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலையை முதல் தடவையாக வாழ வேண்டும். அதே வசனம், அதே கோபம், அதே இடத்தில் திரும்புதல். ஒருவர் கொஞ்சம் பிசகினாலும் நமக்கு ‘இது அதே நாள்’ என்ற நம்பிக்கை போய்விடும். கிராபிக்ஸால் அதைக் கட்டிக் காப்பாற்ற முடியாது.

ஹீத்ரோ விமான நிலையத்தை ராணுவ முகாமாக மாற்றியிருப்பார்கள். அங்கே மூட்டைகள்மேல் கிடக்கும் கேஜை ஒரு சார்ஜென்ட் எழுப்புவார், “எழுந்திருடா புழுவே” என்கிற அர்த்தத்தில் ஒரு கத்தல். சின்ன வேஷம். படத்தின் ஒவ்வொரு புது நாளும் அந்தக் கத்தலில்தான் தொடங்குகிறது. அந்தக் குரலில் ஒரு கிள்ளுக்கீரை அலட்சியம் இருக்கும், அது எந்தக் காலையிலும் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தியேட்டரில் அந்தக் குரல் வந்தாலே ஜனங்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாதிப் பங்கு அந்த நடிகருடையது.

அடுத்து பில் பாக்ஸ்டன். 1986-இல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தில் பயந்து புலம்பும் சிப்பாய் ஹட்சனாக வந்தவர், இங்கே சிப்பாய்களை மேய்க்கும் மாஸ்டர் சார்ஜென்ட் ஃபேரல். சண்டைதான் மனிதனைச் சுத்தமாக்கும் என்று கென்டக்கி உச்சரிப்பில் ஒரு சின்னப் பிரசங்கம் செய்வார். சீட்டாடுகிறவர்களைப் பிடித்து அந்தச் சீட்டையே தின்ன வைப்பார். முதல் தடவை கேஜ் மிரண்டுபோய்க் கேட்கிறான். பிறகு அவர் சொல்லப்போவதை இவனே முந்திச் சொல்கிறான். அப்போது பாக்ஸ்டன் முகத்தைப் பாருங்கள். பிரசங்கத்தின் தாளத்தை விடவும் மாட்டார், அதே சமயம் ‘இவனுக்கு எப்படித் தெரியும்’ என்ற சந்தேகம் கண்ணில் மட்டும் வந்து போகும். 2017-இல் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் காட்சிதான்.

“ஒரே ஷாட்டை எடுத்து எடிட்டர் திரும்பத் திரும்ப ஒட்டியிருப்பார்” என்று யாராவது வருவீர்கள், தெரியும். சில இடங்களில் அப்படி இருக்கலாம். ஆனால் கேஜ் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் குறுக்கிடுகிறான், வேறு வேகத்தில் நடக்கிறான். அவன் மாறும்போது எதிரில் நிற்பவர் மாறாமல் இருப்பதைப் புதிதாக எடுத்துத்தான் ஆக வேண்டும். வேறு வழியே இல்லை.

இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு உடம்பால் தெரியும். சில வருஷம் முன்பு ஒரு சரித்திரப் படத்தில் கோட்டைக் காவலனாக நின்றேன். ஃபைபர் கவசம், தலைக்கவசம், கையில் ஈட்டி, உச்சி வெயில். கூட்டத்தில் எனக்கு மட்டும் ஒரு வரி வசனம் கிடைத்தது: “மன்னா, வடக்கு வாசல் விழுந்துவிட்டது.” சொல்லி முடித்ததும் ஈட்டியை வலது பக்கம் சாய்த்து ஒதுங்க வேண்டும். ஹீரோவுக்கு அன்றைக்கு வசனம் பிடிபடவில்லை. அவர் ஒவ்வொரு டேக்கிலும் புதுசாக ஏதாவது செய்து பார்த்தார், அது அவர் உரிமை. ஒரு டேக்கில் கத்தினார், ஒரு டேக்கில் முணுமுணுத்தார், ஒரு டேக்கில் என் தோளைப் பிடித்து உலுக்கினார். உதவி இயக்குநர் ஒரு தம்பி என் காதில் வந்து சொன்னான், “அண்ணே, அவர் என்ன பண்ணாலும் நீங்க மாத்தாதீங்க. ஈட்டி அதே இடம், மூச்சு அதே மாதிரி. கன்டினியுட்டி போச்சுன்னா என்னைத் திட்டுவாங்க.”

காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் “ஒன் மோர்” போய்க்கொண்டே இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கும், துடைக்கக் கூடாது, முந்தைய டேக்கில் துடைக்கவில்லையே. ஓடி வந்த வீரன் என்பதால் மூச்சு வாங்க வேண்டும். முதலில் மூச்சை நடித்தேன், பிற்பாடு நிஜமாகவே வாங்கியது. அப்போது அதைக் குறைத்து, நடித்த மூச்சின் அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஹீரோ தோளை உலுக்கியபோது வந்த திடுக்கிடலை, அவர் உலுக்காத டேக்கிலும் அதே அளவு வைத்திருந்தேன். கடைசியில் டேக் ஓகே ஆனதும் எல்லோரும் ஹீரோவுக்குக் கை தட்டினார்கள். அந்தத் தம்பி மட்டும் மானிட்டர் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். இன்றைக்கும் எனக்கு அது பெருமைதான். பெருமையடிக்கிறான் என்று நினைக்கிறவர்கள், கவசத்தைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்து பேசலாம்.

என் கவசமாவது ஃபைபர். ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வில் சிப்பாய்கள் போட்டிருக்கும் இயந்திர உடை, பியர் பொஹானா என்பவரின் குழு நிஜமாகவே செய்தது. எடை சுமார் 85 பவுண்டு, அதாவது 38 கிலோவுக்கு மேல், ஆயுதம் சேர்ந்தால் இன்னும் கூடும். டேக்குக்கு இடையில் நடிகர்கள் சங்கிலியில் தொங்கித்தான் தோளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். கதாநாயகி எமிலி பிளன்ட் முதல் முறை அதைப் போட்டுப் பார்த்தபோது அழுதுவிட்டதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அந்த உடையோடு லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் போட்ட கடற்கரை செட்டில், மணலில் ஓடியிருக்கிறார்கள். குரூஸும் பிளன்ட்டும் மட்டுமில்லை. ஜோனாஸ் ஆம்ஸ்ட்ராங், டோனி வே, கிக் கரி, ஃபிரான்ஸ் டிராமே, டிராகோமிர் மிர்சிச், ஷார்லட் ரைலி, மசாயோஷி ஹனேடா என்று, கேஜைச் சேர்த்துவிடும் ‘ஜே’ படைப்பிரிவில் வரும் எல்லோரும்தான். நீங்கள் சொன்ன ‘கூட்டம்’ இவர்கள். பெயரைப் படித்துப் பாருங்கள்.

இந்தப் பெயர்களை நான் எங்கே படித்தேன்? கடைசியில் ஓடும் எழுத்துகளில். இப்போது ஓடிடியில் படம் முடிந்து அந்த எழுத்து வரத் தொடங்கும்போதே திரையைச் சுருக்கி ஒரு மூலைக்குத் தள்ளி, அடுத்த படம் ஆரம்பிக்க எண்ணிக்கை ஓடுகிறது. டிவியில் இன்னும் மோசம், விளம்பரம் போட்டு மூடிவிடுகிறார்கள். நம் ஊர்ப் படங்களில் எங்களைப் போன்றவர்கள் பெயர் வருவதே அபூர்வம், பெரும்பாலும் ஏஜென்ட் பெயர்தான் வரும். வருகிற ஒரு சிலர் பெயரையும் அம்மா அப்பா பார்ப்பதற்குள் சுருட்டிவிடுகிறார்கள். மேலே சொன்ன சரித்திரப் படத்தில் என் ஒரு வரியைக்கூட வேறு ஒருவர் குரலில் டப்பிங் செய்திருந்தார்கள். அதற்கு நான் கோபப்படவில்லை, தொழிலில் அது சகஜம். பேட்டா வந்து சேர நடந்த நடை வேறு கதை. ஆனால் உழைத்தவன் பெயர் நாலு விநாடி திரையில் நிற்க விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று பின்னூட்டத்தில் சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு இதைச் சொல்ல வேறு இடம் கிடையாது.

திரும்பப் படத்துக்கு வருகிறேன். எமிலி பிளன்ட் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ரீட்டா விரடாஸ்கி என்ற போர் வீராங்கனை, கதையில் முன்பே நடந்து முடிந்த வெர்டன் சண்டையின் நாயகி. ஹெலிகாப்டர் இறக்கையைப் போல இருக்கும் ஒரு வாளைத் தூக்கிக்கொண்டு வருவார். இதற்கு முன் ஃபேஷன் பத்திரிகை உதவியாளராகவும் விக்டோரியா ராணியாகவும் பார்த்த முகம். பயிற்சிக் கூடத்தில் தரையில் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி எழும் அறிமுகக் காட்சி பலமுறை வரும். அவருக்குக் கேஜ் ஒவ்வொரு முறையும் அந்நியன். கேஜுக்கோ அவர் எத்தனையோ நாள் கூடவே இருந்த துணை. ஒரே ஃபிரேமில் ஒருவர் உருகுகிறார், எதிரில் இருப்பவர் ‘யார் நீ’ என்று பார்க்கிறார். அந்தப் பார்வையில் ஒரு துளி நெருக்கம் கசிந்திருந்தாலும் காட்சி கெட்டிருக்கும். பிளன்ட் கசியவிடவில்லை.

பண்ணை வீட்டுக் காட்சியில் கேஜ் காபி கலந்து கொடுப்பான். கேட்காமலே சரியாக மூன்று சர்க்கரை போடுவான். இங்கே எத்தனை முறை வந்திருக்கிறோம் என்று ரீட்டாவுக்கு அப்போதுதான் புரியும். அந்த வினாடி அவர் முகத்தில் முதலில் வருவது காதல் இல்லை, பயம். தன் சாவை இவன் பலமுறை பார்த்திருக்கிறான் என்ற பயம். செத்தாலும் நாளைத் திரும்ப வாழும் அதே சக்தி ஒரு காலத்தில் அவரிடமும் இருந்தது, ரத்தம் ஏற்றியதால் போய்விட்டது, அப்போது தனக்கு வேண்டியவன் ஒருவன் சாவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர் அவர். இது எல்லாம் சேர்ந்து அந்த ஒரு பார்வையில் இருக்கிறது. என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் கடற்கரைச் சண்டை இல்லை, இந்தக் காபிதான்.

தளபதி பிரிகாமாக வரும் பிரெண்டன் கிளீசனுக்குச் சில காட்சிகள்தான். குரலை உயர்த்தாமலே ஒருவனைச் சாவுக்கு அனுப்புகிறார். நோவா டெய்லர் விஞ்ஞானியாக வந்து, புரியாத விஷயத்தைப் புரியும்படி சொல்லிவிட்டுப் போகிறார். அது போதும்.

டாம் குரூஸ் ரசிகர்கள் என்மேல் பாய வேண்டாம். அவரை நான் குறைத்துச் சொல்லவே இல்லை. ஐம்பது வயதில் இருந்த ஒரு உச்ச நட்சத்திரம், முதல் அரை மணி நேரம் முழுக்கக் கோழையாக, ரசிக்க முடியாதவனாக வர ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். லாரிக்கு அடியில் உருண்டு தப்பிக்கப் பார்த்து நசுங்கிச் சாவது மாதிரி ஒரு காட்சிக்கு நம் ஊரில் எந்தப் பெரிய ஹீரோ சம்மதிப்பார்? ‘மாநாடு’ பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். அதிலும் நாள் திரும்பத் திரும்ப வரும், எஸ்.ஜே. சூர்யா அதை எரிச்சலால் வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். அங்கேயும் சுற்றி இருந்தவர்கள் ஒழுங்காக அதையே திரும்பச் செய்ததால்தான் அவருடைய எரிச்சல் எடுபட்டது.

படத்தில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வசூலைப் பற்றி நான் பேசவில்லை (17 கோடியே 80 லட்சம் டாலர் போட்டு, உலகம் முழுக்க 37 கோடி டாலர் அளவுக்கு வந்தது, செலவுக்கு அது பெரிய வெற்றி இல்லை). எனக்குப் பிடிக்காதது கடைசிப் பகுதி. கேஜ் சக்தியை இழந்த பிறகு, ஜே படைப்பிரிவைப் பேசி இணங்க வைத்து, பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு அடியில் இருக்கும் எதிரியைத் தேடிப் போகிறார்கள். இனி செத்தால் செத்ததுதான். அதுவரை ஒரே நாளை அச்சுப் பிசகாமல் திரும்ப நடித்துக் கொடுத்தவர்களுக்கு, முதல் முறையாகத் தங்கள் சொந்த முடிவை எடுக்கும் காட்சி அது. அதை இருட்டிலும் மழையிலும் புகையிலும் அவசர அவசரமாக எடுத்துத் தள்ளிவிட்டார் லைமன். யார் எந்த இடத்தில் விழுந்தார் என்பதே முதல் தடவை பார்க்கும்போது பிடிபடாது. நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் யார் யார் என்று கண்டுபிடித்தேன். குரூஸுக்கு அத்தனை சாவை அவ்வளவு தெளிவாகக் காட்டியவர், இவர்களுக்கு ஆளுக்கு ஒரு சாவையாவது வெளிச்சத்தில் எடுத்திருக்க வேண்டும்.