துணி டயப்பர், கழிப்பறைப் பழக்கம்: அம்மாக்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, பாப்பாவுக்கு எட்டு மாசம். புதுசா வாங்கின பாக்கெட் டயப்பர் (பை மாதிரி தைச்ச துணி டயப்பர், உள்ளே பேடு வைக்கிறது) ஒரு மணி நேரத்துலயே தொடைப் பக்கம் கசியுது. மட்டமானதை வாங்கிட்டேனோ?

பதில்: முதல்ல உள்ளே வைக்கிற பேடைப் பாருங்கம்மா. புதுப் பருத்தித் துணியில எண்ணெய்ப் பசை இருக்கும், துவைக்கத் துவைக்கத்தான் ஈரத்தை இழுக்கும். பேடு மேல ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்துங்க. முத்து முத்தா நின்னு வழிஞ்சா, இன்னும் நாலைஞ்சு தடவை துவைச்சுக் காயப் போடணும். தண்ணி உடனே உள்ளே போயிட்டா, போடுற விதத்துலதான் கோளாறு. தொடை எலாஸ்டிக் ஜட்டி மாதிரி இடுக்குல சரியா உட்காரணும். பேடோட ஓரம் துளி வெளியே தெரிஞ்சாலும் ஈரம் அது வழியா கவுனுக்கு இறங்கிடும்.

கேள்வி: எங்க வீட்டுல போர் தண்ணி, ஒரே உப்பு. துவைச்ச பேடு விறைச்சுப் போகுது. பாப்பா ஒண்ணுக்கு போனதும் கண்ணு எரியிற அளவுக்கு நாத்தம். வாசனை கண்டிஷனர் ஊத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது நூல் மேல படிஞ்சு, ஈரம் இழுக்கிறதைக் குறைச்சிடும். உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து ஒரு பிசுக்கு ஆகும். அதுக்குள்ள சிறுநீர் தங்கிப் போச்சுன்னா கிருமிகள் அதை அமோனியாவா மாத்திடும். நீங்க சொல்ற நாத்தம் அதுதான். கட்டி சோப்பை விட்டுட்டு டிடர்ஜென்ட் பவுடருக்கு மாறுங்க, கூட ஒரு ஸ்பூன் சலவைச் சோடா. சமையல் சோடா இல்ல, சலவைச் சோடா. முதல்ல பச்சைத் தண்ணியில அலசி, அப்புறம் சுடுதண்ணியில துவைச்சு, நுரை போற வரைக்கும் அலசுங்க. பேடை நல்ல வெயில்ல போடுங்க, கறையும் மங்கிடும். தண்ணி புகாத வெளி உறை நிழல்ல காயட்டும்.

ராத்திரி முழுக்க பக்கெட்டுல ஊற வைக்கிற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்டுடுங்க. தவழுற குழந்தை தலைகுப்புற விழுந்தா பக்கெட்ல கொஞ்சம் தண்ணி இருந்தாலே ஆபத்து.

கேள்வி: தொடை இடுக்கு செவந்து, சுத்தி சின்னச் சின்னப் பொரியா இருக்கு. பவுடர் போடலாமா?

பதில்: பவுடர் வேண்டாம், அந்தத் தூசி மூச்சுக்குள்ள போகும். மடிப்புக்குள்ள செவந்து சுத்திலும் பொரி இருந்தா பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றுதான். டாக்டர் எழுதிக் கொடுக்கிற களிம்பு போடணும். அதுவரை அடிக்கடி மாத்துங்க, கொஞ்ச நேரம் டயப்பரே இல்லாம காத்தாட விடுங்க.

கேள்வி: பையனுக்கு ஒண்ணே கால் வயசு. "எங்க காலத்துல ஒரு வயசுலயே பழக்கிட்டோம்"னு மாமியார் தினமும் சொல்றாங்க.

பதில்: அவங்க சொல்றது பொய்யில்ல. காலை நீட்டி, ரெண்டு பாதத்துக்கு நடுவுல குழந்தையை உக்கார வெச்சு "உஸ்ஸ்"னு சொல்லிப் பழக்குவாங்க. குழந்தை முகம் போற போக்கைப் பார்த்தே நேரம் தெரிஞ்சுப்பாங்க. அத்தைக்கு அந்தக் கை இருந்தா செய்யட்டும், தடுக்காதீங்க. ஆனா குழந்தை தானா அடக்கி, தானா சொல்றது பொதுவா ஒன்றரை வயசுக்கு மேல, மூணு வயசுக்குள்ள வரும். குழந்தை தயாராகிற வரைக்கும் பொறுக்கணும்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962-லயே எழுதினார். ரெண்டு மணி நேரம் நனையாம இருக்கிறது, ஈரமானா இழுத்துக் காட்டுறது, ஜட்டியைத் தானே இறக்குறது, இதெல்லாம் தெரிஞ்சா ஆரம்பிங்க.

கேள்வி: மூணு வயசு மகன். ஒண்ணுக்கு பாத்ரூம் போறான். ஆனா ரெண்டுக்கு வந்தா டயப்பர் கேட்டு கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிறான். மூணு நாளுக்கு ஒரு தடவைதான் போறான். ஜூன்ல பள்ளிக்கூடம். அடிச்சும் பார்த்தாச்சு.

பதில்: அடிக்காதீங்கம்மா, அவன் வலிக்குப் பயப்படுறான். ஒரு தடவை கெட்டியாப் போய் வலிச்சிருக்கும், அதனால அடக்குறான். அடக்க அடக்க குடல் தண்ணியை உறிஞ்சும், மலம் இன்னும் இறுகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும். ஜட்டியில அப்பப்போ கறை பட்டா அது பேதி இல்ல. இறுகின மலத்தைச் சுத்தி ஒழுகுறது, அவனுக்கே தெரியாது.

முதல்ல மலச்சிக்கலைச் சரி பண்ணணும். குழந்தை டாக்டர் இளக்க மருந்து கொடுத்தா, ரெண்டு நாள் நல்லாப் போச்சுன்னு நிறுத்தாதீங்க, அவர் சொல்ற வரைக்கும் கொடுங்க. வெத்தலைக் காம்பு, சோப்புத் துண்டு வைக்கிறதெல்லாம் கூடவே கூடாது, பயம் இன்னும் கூடும். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பப்பாளி, கீரை, ஊறவெச்ச உலர்திராட்சை, தண்ணி கொடுங்க.

காலைச் சாப்பாடு முடிஞ்சதும் குடல் தானா அசையும், அப்போ அஞ்சு நிமிஷம் உக்காரட்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டுன்னா கால் தொங்கக் கூடாது. முழங்கால் இடுப்புக்கு மேல வர்ற மாதிரி முக்காலி வைங்க. டயப்பரை ஒரேடியா பிடுங்காதீங்க. முதல்ல டயப்பரோட பாத்ரூம்ல நின்னு போகட்டும், அப்புறம் டயப்பரோடயே உக்காரட்டும், அப்புறம் கழட்டலாம். ஜூனுக்குள்ள முடியலைன்னா டீச்சர்கிட்ட சொல்லி, மாத்துத் துணி கொடுத்து அனுப்புங்க.

கேள்வி: நாலு வயசுப் பொண்ணு, ராத்திரி இன்னும் படுக்கையை நனைக்கிறா.

பதில்: அஞ்சு வயசு வரைக்கும் இது சகஜம். ராத்திரியில சிறுநீரைக் குறைக்கிற ஹார்மோனும் மூத்திரப்பையும் பக்குவமாகணும், பழக்கி வர்றது இல்ல. ஆனா பல மாசம் நனைக்காம இருந்த குழந்தை திடீர்னு நனைச்சு, அளவுக்கு மீறித் தண்ணி கேட்டு, இளைச்சும் போனா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டி சர்க்கரை பார்த்துடுங்க. காய்ச்சலோ எரிச்சலோ இருந்தா யூரின் டெஸ்ட் எடுங்க.