எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, ஆனால் மணிக்கட்டு வலி போகவில்லை. உருவிவிடலாமா?

வேலைக்குப் போகும் வழியில் பினாங்கு ஜெலுத்தோங்கில் மோட்டார் சறுக்கி, கையை ஊன்றி விழுந்து மூன்று வாரம் ஆகிறது என்கிறீர்கள். உருவ வேண்டாம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது.

வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். புறங்கைப் பக்கம் மணிக்கட்டின் நடுவில் வலித்து, தரையில் கையூன்றி எழும்போது கூடினால், ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரு சிற்றெலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வு மேல் சந்தேகம். சுண்டுவிரல் பக்கம் வலித்து, ஈரத்துணி பிழியும்போதும் மோட்டார் கைப்பிடியை முறுக்கும்போதும் சுருக்கென்றால் டிஎஃப்சிசி, அதாவது அந்தப் பக்கத்து மூட்டைத் தாங்கும் குருத்தெலும்பும் ஜவ்வும் சேர்ந்த பகுதி, மேல் சந்தேகம். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் விழும் குழியில் வலியா? ஸ்கேஃபாய்டு எலும்பே விரிசல் விட்டிருக்கலாம். முதல் நாள் படத்தில் தெரியாத விரிசல் 10, 14 நாள் கழித்து எடுக்கும் படத்தில் தெரிவதுண்டு.

கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். எலும்பு நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். முஷ்டியை இறுக்கி மூடியபடி இரண்டு கையையும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இறுக்கும்போதுதான் அந்த இரு எலும்பும் விலகும்; இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் கிழிசல் என்றே சந்தேகிப்பார்கள். சிறு கிழிசல் எம்ஆர்ஐயிலும் தப்பிவிடும்; துளை போட்டு கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதி.

அவசரம் ஏன் என்றால், ஆறு வாரத்துக்குள் போனால் அந்த நடு ஜவ்வின் கிழிந்த முனைகளை நேராகத் தைக்க வாய்ப்பு அதிகம். பிறகு அவை சுருங்கிவிடும், வேறு இடத்து நாண் எடுத்துக் கட்ட வேண்டிவரும். அப்படியே விட்டால் எலும்பு சாய்ந்து, சில வருடங்களில் மூட்டுத் தேய்மானம்.

உருவுபவர்கள் மேல் எனக்கு விரோதமில்லை, தசைப்பிடிப்புக்கு அவர்கள் கை இதம்தான். ஆனால் கிழிந்த ஜவ்வை இழுத்து முறுக்கி 'டக்' என்று சத்தம் வரவைத்தால் கிழிசல்தான் பெரிதாகும். மருந்துக்கடை எலாஸ்டிக் பட்டையும் டிஎஃப்சிசிக்குப் போதாது. முன்கை புரள்வதை அது தடுக்காது. முழங்கையையும் பிடிக்கும் ஸ்பிளின்ட் நான்கிலிருந்து ஆறு வாரம் தேவைப்படலாம்.

கேட்காததையும் சொல்கிறேன், மனசு கேட்கவில்லை. வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் அது சொக்சோ, அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் கேஸ். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். 'வீட்டில் விழுந்தேன் என்று சொல்லிவிடு' என்று வருட லீவில் கழிக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள், தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் வேலை அது. நான்கு நாளாவது எம்சி (மருத்துவ விடுப்பு) இருந்தால்தான் தற்காலிக ஊனப் பணம் கேட்க முடியும். விபத்தைச் சொக்சோவுக்குத் தெரிவிக்கும் ஃபாரம் 34 போனதா என்று நாளைக்கே ஆபீசில் கேளுங்கள். விழுந்த இடம், நேரம் எல்லாம் கிளினிக் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.