கரண்ட் போனதும் கீசர் தானாக அணைய வேண்டும்: ஒரு சோலார் வீட்டுக்கு யோசனை

கேள்வி: எங்கள் வீடு பட்டுக்கோட்டை பக்கம். மூன்று ஃபேஸ் இணைப்பு. போன வருடம் மாடியில் 3 கிலோவாட் பேனல், 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி வைத்தோம். வீடு முழுவதையும் இன்வெர்ட்டர் வழியாகவே கொடுத்துவிட்டார்கள். பகலில் பிரச்சினை இல்லை. விடியற்காலையில் அப்பா கீசர் போட்டிருக்கும்போது கரண்ட் போனால் அடுத்த நிமிடமே வீடு மொத்தமும் இருட்டு. வைத்துக் கொடுத்தவர் இன்னொரு பேட்டரி வாங்கச் சொல்கிறார். கீசர், ஏசி, போர் மோட்டார் மூன்றும் மட்டும் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும்படி செய்ய முடியாதா சார்?

பதில்: முடியும். இன்னொரு பேட்டரிக்குக் கொடுக்கும் பணத்தில் சின்னத் துண்டு போதும். நல்ல வயர்மேன் ஒருவர் அரை நாளில் முடித்துவிடக்கூடிய வேலை.

முதலில், 5 கிலோவாட் இன்வெர்ட்டர் இருந்தும் 2 கிலோவாட் கீசருக்கு ஏன் படுத்துவிடுகிறது என்று பார்ப்போம். படுப்பது அநேகமாக இன்வெர்ட்டர் அல்ல, பேட்டரி. உங்கள் பேட்டரியில் 51.2 வோல்ட்டை 100 ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் 5.12 யூனிட் இருக்கிறது. அது மொத்தக் கையிருப்பு. ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பது தனிக் கணக்கு. இந்த அளவு பேட்டரிகள் பலவற்றில் தொடர்ந்து எடுக்கச் சொல்லும் அளவு 50 ஆம்பியர்தான், சிலவற்றில் 100. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 50 என்று இருந்தால், பேட்டரி கொடுப்பது சுமார் 2,500 வாட். இன்வெர்ட்டரில் கொஞ்சம் சூடாகப் போவது போக, வீட்டுக்கு வருவது அதிலும் குறைவு.

விடியற்காலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டில் ஓடுவதைக் கூட்டுங்கள். கீசர் 2,000, ஒரு டன் ஏசி 800, நான்கு ஃபேன் சேர்ந்து 280, ஃபிரிட்ஜ் 150. மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் கையைத் தூக்கிவிடுகிறது. பகலில் ஏன் ஆவதில்லை? மேலே பேனலிலிருந்து வரும் ஒன்றரை, இரண்டு கிலோவாட் மீதியைத் தாங்கிக்கொள்கிறது. அடுத்த முறை இருட்டும்போது இன்வெர்ட்டர் திரையில் வரும் எச்சரிக்கையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஓவர்லோடு என்று வருகிறதா, பேட்டரி ஓவர்கரண்ட் என்று வருகிறதா என்பதிலேயே தெரிந்துவிடும்.

சரி, இன்னொரு பேட்டரி வாங்கினால் இருட்டாகாதே என்று கேட்கலாம். ஆகாது. ஆனால் பதினைந்து லிட்டர் கீசர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 0.6 யூனிட் வேண்டும். அதே 0.6 யூனிட்டில் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக எடுக்கும் புது ரகம்) ஒன்று இருபது மணி நேரம் ஓடும். ஒருவர் குளியலுக்காக ஒரு ராத்திரித் தூக்கத்தைக் கொடுக்கிறோம். கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத நேரத்தில் இது கட்டுப்படியாகாது.

எதை நிறுத்துவது, எதை விடுவது என்பதில் வாட்டை மட்டும் பார்த்தால் தப்புக் கணக்கு ஆகிவிடும்; வாட்டையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கிரைண்டர் என்றாலே பலர் பயப்படுகிறார்கள். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான், ஓடட்டும். மிக்ஸி 750 வாட், ஆனால் சட்னிக்கு இரண்டு நிமிடம், அதையும் விட்டுவிடலாம். இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில் இவைதான் ஆபத்து. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் என்று இழுக்கும். யார் எப்போது செருகுவார்கள் என்றும் சொல்ல முடியாது. அதனால் கீசரோடு சேர்த்து 16 ஆம்பியர் பவர் பிளக் பாயிண்டுகளையும் இந்த ஏற்பாட்டில் கொண்டுவந்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் பேட்டரியிலேயே இருக்கட்டும்.

போர் மோட்டார் கதை தனி. ஒரு எச்பி மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்து மடங்கு. 35 ஆம்பியர் என்றால் எட்டு கேவிஏ, உங்கள் 5 கிலோவாட் இன்வெர்ட்டரின் அளவைத் தாண்டியது. கண் இமைக்கும் நேரம்தான், ஆனால் அந்த நேரம் போதும், எல்லாவற்றையும் தூக்கிவிடும். "மோட்டார் ஸ்டார்ட்டர் கரண்ட் போனால் தானே விழுந்துவிடுமே" என்பீர்கள். ஈபியிலிருந்து பேட்டரிக்கு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் 10, 20 மில்லிசெகண்டில் மாறிவிடுகிறது. கரண்ட் போனதே பல சமயம் ஸ்டார்ட்டருக்குத் தெரியாது. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது செய்முறை. இன்வெர்ட்டரின் அவுட்புட்டில் இருக்கும் கீசர், பவர் பிளக் வயர்களைக் கழற்றி, இன்வெர்ட்டருக்கு முன்னால், ஈபி பக்கத்து டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) மாட்டிவிடுவது எளிதான வழி. கரண்ட் இருந்தால் ஓடும், போனால் நிற்கும். புதிதாக எந்தச் சாமானும் வேண்டாம். அப்படியானால் கீசருக்குச் சோலார் கிடைக்காதே என்ற கவலை நியாயமானது. அது உங்கள் இன்வெர்ட்டரின் ரகத்தைப் பொறுத்தது. நெட் மீட்டர் வைத்து, மிச்சத்தை ஈபி பக்கம் திருப்பி அனுப்பும் இன்வெர்ட்டர் என்றால், அந்த மிச்சம் மீட்டருக்குப் போகும் வழியில் முதலில் கீசரைத்தான் சந்திக்கும். அதே ஃபேஸில் மாட்டினால் நஷ்டமே இல்லை. ஹைப்ரிட் என்ற பெயரில் விற்றாலும் ஈபி பக்கம் ஒரு யூனிட்கூட அனுப்பாத ரகம் நிறைய இருக்கிறது. அது என்றால் இந்த வழியில் கீசரின் மொத்தச் செலவும் ஈபி பில்லில்தான் ஏறும்.

அந்த ரகத்துக்குக் கான்டாக்டர் வைக்க வேண்டும். (கான்ட்ராக்டர் இல்லை. கடையில் தெளிவாகச் சொல்லுங்கள்.) உள்ளே ஒரு காயில், அதற்குக் கரண்ட் கிடைத்தால் காந்தமாகி டக்கென்று இழுத்துக் கனமான லைனைச் சேர்க்கும், கரண்ட் போனால் ஸ்பிரிங் தள்ளிப் பிரித்துவிடும். கீசரும் ஏசியும் மோட்டாரும் இன்வெர்ட்டர் அவுட்புட்டிலேயே இருக்கட்டும். ஆனால் நடுவில் இந்தக் கான்டாக்டர். அதன் காயிலுக்கு மட்டும் ஈபி பக்கத்திலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஒரு மெல்லிய லைன். ஈபி இருக்கும்வரை மூன்றும் சோலாரிலும் ஓடும். ஈபி போன நொடியில் மூன்றும் விழும். கம்ப்யூட்டர், ஆப், வைஃபை எதுவும் வேண்டாம்.

காயில் லைனை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. என் வீட்டில் முதலில் நானே தப்பாகக் கொடுத்தேன். கைக்குப் பக்கத்தில் இருந்த லைனை எடுத்துவிட்டேன், அது இன்வெர்ட்டருக்குப் பின்னால் வருவது. கரண்ட் போனாலும் காயிலுக்குப் பேட்டரி கரண்ட் கிடைத்துக்கொண்டே இருந்தது. கீசரை அணைக்க மறந்து தூங்கிய ஒரு ராத்திரியில், பேட்டரி காலி. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவனின் வீடு!

உங்களுக்கு மூன்று ஃபேஸ் என்பதால் இன்னொரு கண்ணி உண்டு. நம் பக்கத்தில் மூன்றும் ஒன்றாகப் போவதைவிட ஒரு ஃபேஸ் மட்டும் போவதுதான் அதிகம். இன்வெர்ட்டருக்கு ஒரு ஃபேஸும் காயிலுக்கு வேறு ஃபேஸும் கொடுத்திருந்தால், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறியிருக்கும், கான்டாக்டர் ஒன்றும் தெரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும். இன்வெர்ட்டருக்குள் போகும் அதே லைனிலிருந்து, ஃபேஸ் செலக்டர் (கரண்ட் இருக்கும் ஃபேஸுக்கு மாற்றும் ஸ்விட்ச்) இருந்தால் அதற்குப் பின்னாலிருந்து எடுங்கள்.

நியூட்ரலையும் கலக்கக் கூடாது. காயிலின் லைன் ஈபி பக்கம் என்றால் அதன் நியூட்ரலும் ஈபி பக்கம்தான். ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று கொடுத்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்தி ஷாக்கிலிருந்து காப்பாற்றும் ஸ்விட்ச்) காரணமே தெரியாமல் விழுந்துகொண்டிருக்கும். "அது சும்மா விழுது சார்" என்று சொல்லி ஆர்சிசிபியையே கழற்றிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கான்டாக்டர் வாங்கும்போது இரண்டு போல் (2 pole, லைனையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிரிப்பது), 230 வோல்ட் காயில் என்று கேளுங்கள். கீசருக்கு ஏசி-1 (AC-1) என்ற வரிசையில் 25 ஆம்பியர் போதும்; இந்த ஏசி அறையைக் குளிர வைக்கும் ஏசி இல்லை, கான்டாக்டரின் தரப் பிரிவு. மோட்டாருக்கு ஏசி-3 வரிசையின் ஆம்பியரைப் பார்க்க வேண்டும். அதே பெட்டியில் இரண்டும் எழுதியிருக்கும், பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. மோட்டாருக்கும் ஏசிக்கும் காயில் லைனில் ஒரு ஆன்-டிலே டைமர் (கரண்ட் வந்தும் சொன்ன நேரம் கழித்தே விடுவது) போட்டு மூன்று நிமிடம் வையுங்கள். கரண்ட் வந்து, போய், மறுபடி வரும் அந்த விளையாட்டில் ஏசி கம்ப்ரசர் அடி வாங்காது. லோ வோல்டேஜ் ஊர் என்றால் வோல்டேஜ் ரிலே (வோல்டேஜ் தாழ்ந்தால் காயில் லைனை நிறுத்திவிடுவது) ஒன்றும் சேர்க்க வேண்டும். காயில் சரியாகப் பிடிக்க 195 வோல்ட் தேவை. மிகவும் தாழ்ந்தால் விட்டு விட்டுப் பிடித்து, கடகடவென்று அடித்து, முனைகள் கருகிவிடும்.

பட்டுக்கோட்டை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்துத் தொட்டி நிரப்பிய நாட்கள் அவை. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது என்று பூட்டிவிட்டால், அப்படி ஒரு வாரத்தில் மாடியில் பேனல் இருந்தும் குடத்தோடு நிற்க வேண்டி வரும். ஆகவே மோட்டாருக்குத் தனிக் கான்டாக்டர் வைத்து, அதற்கு ஆட்டோ, ஆஃப், மேனுவல் என்று மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்றும் போடுங்கள். மேனுவலில் காயிலுக்கு இன்வெர்ட்டர் பக்கத்துக் கரண்ட் போகும். ஸ்விட்ச் லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரண்டு போல் ரகமாக இருக்க வேண்டும், காரணம் மேலே சொன்ன ஆர்சிசிபிதான். நல்ல வெயிலில், பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள், மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போடுங்கள். கிளம்பும் இழுப்பை உங்கள் இன்வெர்ட்டர் தாங்குகிறதா என்பதைப் புயலுக்கு முன்பே ஒரு சாதாரண நாளில் பார்த்துவிட வேண்டும். தாங்கவில்லை என்றால் அதே மோட்டாருக்கு விஎஃப்டி (மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் கருவி) போடலாமா என்று மோட்டார்க்காரரைக் கேளுங்கள்; எல்லா மோட்டாருக்கும் பொருந்தாது.

இதையெல்லாம் தானே செய்யும் இன்வெர்ட்டர்களும் உண்டு. விக்ட்ரான் மல்டிபிளஸ்-2 போன்றவற்றில் இரண்டாவது அவுட்புட் ஒன்று இருக்கிறது. ஈபி போனால் அது மட்டும் தானாகவே நின்றுவிடும். இன்னும் சிலவற்றில் பேட்டரி இத்தனை சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் கனமான சாமான்களை விடு என்று செட்டிங் வைக்கலாம். உங்கள் இன்வெர்ட்டர் மேனுவலில் டிரை கான்டாக்ட் அல்லது ஸ்மார்ட் லோடு என்ற வார்த்தை இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இருந்தால் கான்டாக்டரை அதோடு இணைத்துவிடலாம். இல்லாவிட்டால் அதற்காக இன்வெர்ட்டரை மாற்ற வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு நான் செய்வதாக இருந்தால்: நெட் மீட்டர் இருந்தால் கீசரும் பவர் பிளக்குகளும் நேராக ஈபி பக்கம், இல்லாவிட்டால் ஒரு கான்டாக்டர் வழியாக. மோட்டாருக்குத் தனிக் கான்டாக்டரும் மூன்று நிலை ஸ்விட்சும். ஏசியை அப்பாவின் உடம்பைப் பொறுத்து நீங்களே முடிவு செய்யுங்கள். கீசர் விலகிவிட்டால் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசியை உங்கள் பேட்டரி தாங்கும், ஃபேனும் ஃபிரிட்ஜும் சேர்ந்து ஓடினால் மூன்றரை மணி நேரத்துக்குள்.

நீங்களே டெஸ்டரை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டாம். ஈபி மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் அவுட்புட்டில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேன், மெயின், பேட்டரி, பேனல் மூன்றையும் நிறுத்திவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அவரை அனுப்பிவிடாமல் உங்கள் கண்முன்னால் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். கீசர், ஏசி, ஃபேன் எல்லாம் ஓடட்டும். ஈபி மெயினை இறக்கினால் டிபி பாக்ஸில் டக் என்று ஒரு சத்தம், கீசரின் சிவப்பு லைட் அணைய வேண்டும், ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மெயினை ஏற்றினால் கீசர் உடனேயும், ஏசியையும் இதில் சேர்த்திருந்தால் அது மூன்று நிமிடம் கழித்தும் வர வேண்டும். அப்புறம் ஒவ்வொரு ஃபேஸாக இறக்கி இன்னும் மூன்று தடவை; இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறும்போதெல்லாம் கீசர் அணைய வேண்டும். அப்பாவையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சிவப்பு லைட் அணைந்த முதல் நாளே கீசர் ரிப்பேர் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிடுவார்.