சர்மாலே: கறிக்கு முன்னால் இலையைக் கவனியுங்கள்

வாசகர் ஒருவரின் கேள்வி: "ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் வேலைக்கு வந்து இரண்டு வருடமாகிறது. கூட வேலை செய்பவர்கள் கிறிஸ்துமஸுக்குத் தந்த சர்மாலேயின் (முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைப்பது) ருசி நாக்கிலேயே நிற்கிறது. நானும் செய்து பார்த்தேன். புளித்த முட்டைக்கோஸ், கொழுப்பில்லாத பன்றிக் கொத்துக்கறி ஒரு கிலோ, பாஸ்மதி அரிசி கால் கிலோ, உப்பு, மிளகு. இறுக்கிச் சுருட்டி ஒன்றரை மணி நேரம் வேகவிட்டேன். இலை நாராக இருந்தது, கறி ரப்பர், அரிசி நறநற, எல்லாம் ஒரே உப்பு. பாதி உருண்டை வெடித்தும் விட்டது. குக்கரில் வைத்தால் சரியாகுமா?"

குக்கரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இலை சீக்கிரம் குழையும், உண்மைதான். ஆனால் புளிப்பும் கொழுப்பும் புகை வாசனையும் ஒன்றோடொன்று கலக்க அவகாசம் கிடைக்காது. குக்கருக்குள் கொதிக்கிற கொதியில் சுருட்டலும் பிரியும்.

நீங்கள் இதைக் கறிச் சமையல் என்று நினைத்துவிட்டீர்கள். சர்மாலே முட்டைக்கோஸ் சமையல். எவ்வளவு உப்பு, எவ்வளவு நேரம், எவ்வளவு புளிப்பு என்று தீர்மானிப்பது இலைதான். பெயரிலும் கறி இல்லை: சுற்றுவதைக் குறிக்கும் துருக்கிய வினையிலிருந்து, ஒட்டோமான் செல்வாக்கு இருந்த காலத்தில் ருமேனியாவுக்குப் போய்ச் சேர்ந்த சொல் அது.

முதலில் உப்பு. ருமேனியக் கிராமங்களில் இலையுதிர் காலத்தில் முழு முட்டைக்கோஸின் நடுத்தண்டைக் குடைந்து கல்லுப்பை நிரப்பி, பீப்பாயில் உப்புத் தண்ணீரில் மூழ்க வைத்து, சில வாரம் புளிக்க விடுவார்கள். டிசம்பர் 20, இக்னாத் நாள், பன்றி அடிக்கும் நாள். அதற்குள் முட்டைக்கோஸ் தயாராக இருக்கும். ஆகவே இலை வரும்போதே உப்போடுதான் வருகிறது. பானையில் போடும் புகையூட்டிய இறைச்சி இன்னொரு உப்பு. நீங்களோ இலையின் உப்புக்கு மேல் வழக்கம்போல உப்புப் போட்டிருக்கிறீர்கள்.

ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். ஊறுகாய் மாதிரி சுளீரென்றால், இலைகளைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். இடையில் ஒரு தரம் தண்ணீரை மாற்றுங்கள். மறுபடி கடித்துப் பாருங்கள். அப்படியே தின்னலாம் போல லேசான உப்பும் தெளிவான புளிப்பும் இருந்தால் போதும். ஊறியது அதிகமாகிப் புளிப்பு போய்விட்டால், கோதுமைத் தவிட்டைப் புளிக்கவைத்து எடுக்கும் போர்ஷ் என்ற நீர் அங்கே கடைகளில் கிடைக்கும். ஒரு கரண்டி ஊற்றிச் சரிசெய்யலாம். பொட்டலத்தில் வாங்கினால் சேர்மானங்களில் 'ஒட்செத்' இருக்கிறதா என்று பாருங்கள். அது வினிகர். வினிகரில் போட்ட இலைக்கும் தானாகப் புளித்த இலைக்கும் ருசியில் வெகுதூரம். பீப்பாயிலிருந்து எடுத்துத் தருகிற சந்தைக் கடைதான் என் தேர்வு.

இலை நாரானதற்கும் புளிப்புதான் காரணம். காய்களின் செல் சுவரைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின், அமிலத்தில் எளிதில் இளகாது. புளியைக் கரைத்து ஊற்றியபின் காய் வேக மறுப்பதை நம் வீட்டுக் குழம்பிலேயே பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இது. ஒன்றரை மணி நேரத்தில் பச்சை முட்டைக்கோஸ் வெந்துவிடும், புளித்தது வேகாது. குறைந்தது மூன்று மணி நேரம், மிகக் குறைந்த தீயில். ஓவன் இருந்தால் மூடிபோட்ட பாத்திரத்தில் 150 டிகிரி செல்சியஸ். பானையில் சேர்க்கும் தக்காளிச் சாறும் அமிலம்தான் என்பதால் அதைக் கடைசி ஒரு மணி நேரத்தில் ஊற்றுவேன். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை, இது என் பழக்கம்.

இனி உள்ளே வைப்பது. கொழுப்பில்லாத கறி மூன்று மணி நேரத்தில் ரப்பராகாமல் வேறென்ன ஆகும்? தோள்பட்டைக் கறியும் வயிற்றுக் கறியும் கலந்து அரைக்கச் சொல்லுங்கள். நாலில் ஒரு பங்காவது கொழுப்பு இருக்கட்டும். ஒரு கிலோவுக்கு அரிசி 120 முதல் 150 கிராம்தான். பாஸ்மதி நீண்டு விறைக்கும், கறியோடு ஒட்டாது. அங்கே கடைகளில் கிடைக்கும் குட்டையான உருண்டை அரிசியே சரி. மூன்று பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் பன்றிக் கொழுப்பிலோ எண்ணெயிலோ நிறம் மாறாமல் வதக்கி, கழுவிய அரிசியைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, ஆறியபின் கறியோடு பிசையுங்கள். மிளகு, இனிப்பு வகை மிளகாய்ப் பொடி, நறுக்கிய சதகுப்பை இலை, சிம்ப்ரு என்ற காய்ந்த இலை. அரை டம்ளர் தண்ணீரும் சேர்த்துப் பிசையுங்கள், ஏனென்றால் நடுவிலுள்ள அரிசி வேக அந்த ஈரம் வேண்டும். உப்பு ஒரு சிட்டிகையோடு நிறுத்தி, கொஞ்சம் எடுத்துத் தவாவில் பொரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பச்சைப் பன்றிக் கறியை நாக்கில் வைக்கவே கூடாது. பொரித்தது சற்று சப்பென்றிருந்தால் அளவு சரி.

கால் கிலோ அரிசியும் இறுக்கிய சுருட்டலும் சேர்ந்துதான் உங்கள் உருண்டைகளை வெடிக்க வைத்திருக்கின்றன. அரிசி இரண்டு மூன்று மடங்கு ஊதும், அதற்கு இடம் விட வேண்டாமா? இலையின் நடு நரம்பைச் சீவிவிட்டு, ஒரு பெரிய ஸ்பூன் கலவையை வைத்து, தளர்வாகச் சுருட்டி, இரு முனைகளையும் விரலால் உள்ளே தள்ளுங்கள். ஒரு கிலோ கறிக்கு 45 உருண்டை போல வரும். ருமேனியாவின் வடகிழக்கிலுள்ள மல்தோவா பகுதியில் இன்னும் சிறிதாகச் சுருட்டுவார்கள், அதை ஒரு பெருமையாகவே சொல்வார்கள்.

கிழிந்த இலைகளை நறுக்கிப் பானையின் அடியில் பரப்பி, மேலே புகையூட்டிய விலா எலும்புத் துண்டுகளை வையுங்கள். அதன்மேல் உருண்டைகளை நெருக்கமாக அடுக்கி, பிரிஞ்சி இலை, முழு மிளகு போட்டு, முழு இலையால் மூடி ஒரு தட்டைக் கவிழுங்கள். மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். கரண்டி போடவே வேண்டாம். ஒட்டுகிறதோ என்று சந்தேகம் வந்தால் பானையை லேசாகக் குலுக்கினால் போதும்.

அடுத்த நாள் சூடாக்கினால் ருசி கூடும் என்று அங்கே எந்த வீட்டிலும் சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே அரிசி இருப்பதால் இரவு முழுக்க அடுப்பின்மேல் விட்டுவிடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். பரிமாறும்போது சோளமாவில் கிளறிய மமலிகாவும் புளித்த க்ரீமான ஸ்மந்தனாவும் உண்டு. காரமில்லையே என்று கரம் மசாலாவைத் தேட வேண்டாம். அவர்கள் ஒரு மிளகாயைத் தனியாகக் கடித்துக்கொள்கிறார்கள்.

புளித்த இலையோடு மல்லாடும் பொறுமை இப்போதைக்கு இல்லையென்றால், இதே கலவையைக் குடைமிளகாயில் அடைத்துப் பாருங்கள். ருமேனியாவில் அது கோடைக்காலத்துச் சமையல். குடைமிளகாயில் உப்பில்லை, ஆகவே கறிக்கு வழக்கமான உப்புப் போடலாம். முக்கால் பங்குக்கு மேல் அடைக்காமல், தக்காளிச் சாற்றில் நிறுத்தி மூடிவையுங்கள். ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். அரிசியை மட்டும் முன்னாலேயே பாதி வேகவைத்துக்கொள்ளுங்கள்.