வாசகர் கேள்வி–பதில்: இத்தாலிய நடிகர் மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயானி

கேள்வி: எல்லாரும் புகழ்கிறார்களே என்று மாஸ்ட்ரோயானியின் 'லா டோல்சே வீட்டா'வைப் போட்டேன். அரைவாசியில் நிப்பாட்டிவிட்டேன். அவருடைய படங்களை எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், நெல்லியடி

பதில்: படத்தில் பிழையில்லை, வரிசையில்தான் பிழை. 1960இல் வந்த அந்தப் படம் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம் ஓடும். ஒரே கதையாகப் போகாமல் தனித்தனி இரவுகளாக நகரும். அவருடைய முகம் பழகாதவருக்கு அதில் பிடி கிடைப்பது கஷ்டம்.

1961இல் பியெத்ரோ ஜெர்மி இயக்கிய 'டிவோர்ஸ் இத்தாலியன் ஸ்டைல்' படத்தை முதலில் பாருங்கள். நொடிந்துபோன ஒரு சிசிலிப் பிரபு மனைவியைக் கொல்லத் திட்டம் போடுகிறார். அந்தக் காலத்து இத்தாலியில் விவாகரத்தே கிடையாது. அந்தச் சட்டம் 1970இல்தான் வந்தது. ஆனால் கள்ள உறவில் பிடிபட்ட மனைவியை ஆத்திரத்தில் கொன்றவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 587ஆம் பிரிவின்படி 3 முதல் 7 வருடம் மட்டுமே சிறை. அந்தப் பிரிவு 1981 வரை இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் படத்தின் பகிடி விளங்கும், அதன் கோபமும் விளங்கும். எண்ணெய் பூசிப் படிய வாரிய தலை, ஒடுங்கிய மீசை, வாயின் ஓரத்தில் அடிக்கடி வரும் ஒரு சின்ன இழுப்பு: அந்த இழுப்பிலேயே ஆளின் அற்பத்தனம் முழுவதும் தெரிந்துவிடும்.

அடுத்து 'எ ஸ்பெஷல் டே' (1977), பிறகு 'எட்டரை' (1963). 'லா டோல்சே வீட்டா'வைக் கடைசிக்கு வையுங்கள்.

கேள்வி: உதடு ஒரு பக்கம் போகிறது, சத்தம் இன்னொரு பக்கம் வருகிறது. என்னிடம் உள்ள பிரதி பழுதா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் குரலைப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ப்பதுதான் வழக்கம். 'லா டோல்சே வீட்டா'வையும் 'எட்டரை'யையும் இயக்கிய பெலினி படப்பிடிப்பு நடக்கும்போதே நடிகர்களோடு கதைத்துக்கொண்டிருப்பார். சிலரை வசனத்துக்குப் பதிலாக இலக்கங்களைச் சொல்லவும் வைத்தார். உதடு எப்படிப் பொருந்தும்? 1950இல் வந்த 'டொமேனிக்கா தகோஸ்தோ'வில் மாஸ்ட்ரோயானிக்கே இன்னொரு நடிகரான அல்பேர்த்தோ சோர்டிதான் குரல் கொடுத்தார்.

கதவு அடிபடும் இடத்தைப் பார்த்துச் சோதியுங்கள். கதவும் காலடியும் பொருந்தி, உதடு மட்டும் பொருந்தாவிட்டால் பிரதி நல்லது. கதவுச் சத்தமும் பிந்தி வந்தால் பிரதியில்தான் பிழை. விண்டோஸ் கணினியில் படம் பார்க்கும் விஎல்சி பிளேயர் மென்பொருளில் ஜே, கே விசைகள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 50 மில்லிசெக்கன் சத்தத்தை முன்பின் நகர்த்தும். ஆங்கிலக் குரல் சேர்த்த பிரதி வேண்டவே வேண்டாம். அவருடைய சோம்பலான, தாழ்ந்த குரல் அதில் இருக்காது.

கேள்வி: அழகால் மட்டும் பேரெடுத்தவர் என்கிறார்களே?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அது அநியாயம். 1924இல் ஃபொன்தானா லீரி என்ற சிற்றூரில் பிறந்த தச்சுத் தொழிலாளியின் மகன் அவர். போரில் ஜெர்மானியரின் கட்டாய வேலை முகாமிலிருந்து தப்பி வெனிஸில் ஒளித்திருந்தார். பிறகு ரோமில் பகலில் படக் கம்பனியொன்றில் கணக்கு வேலை, பின்னேரத்தில் பல்கலைக்கழக நாடகம். 1948இல் இயக்குநர் லுக்கினோ விஸ்கோன்தி தன் நாடகக் குழுவில் சேர்த்துக்கொண்டார். மேடையில் வருடக்கணக்காகப் பழகிய பிறகுதான் பெலினி வந்தார்.

'லா டோல்சே வீட்டா' அவரைக் காதல் மன்னனாக்கிய அதே வருடம், 'இல் பெல் அந்தோனியோ'வில் ஆண்மையற்ற கணவனாக நடித்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு தோற்றவர்களையே தேடித் தேடி நடித்ததுதான் அவருடைய பெருமை என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: ஒஸ்கார் கிடைத்ததா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: மூன்று முறை பரிந்துரை, ஒரு முறையும் கிடைக்கவில்லை. கான் விழாவில் 1970இலும் 1987இலும் சிறந்த நடிகர் விருது. 1987இல் விருது பெற்ற 'டார்க் ஐஸ்' ருஷ்ய எழுத்தாளர் செக்கோவின் கதைகளிலிருந்து வந்தது. 1996 டிசம்பர் 19ஆம் திகதி பாரிஸில் இறந்தபோது, 'லா டோல்சே வீட்டா'வில் அவர் இறங்கி நடித்த ரோமின் ட்ரேவி நீரூற்றை நிறுத்திக் கறுப்புத் துணி போர்த்தினார்கள்.

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் 'எ ஸ்பெஷல் டே' போட இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர்கள், கொக்குவில்

பதில்: நிறம் வெளிறிப் பழைய படம்போல இருக்கும். இயக்குநர் எத்தோரே ஸ்கோலா வேண்டுமென்றே செய்தது அது. புரொஜெக்டரில் நிறத்தைக் கூட்டாதீர்கள். 1938 மே மாதம் ஹிட்லர் ரோமுக்கு வந்திருந்தபோது ஒரு நாளில் நடப்பதுதான் கதை. அணிவகுப்பின் வானொலி வர்ணனை கட்டடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். இரைச்சல் என்று சத்தத்தைக் குறைத்தால் படத்தின் பாதி போய்விடும். ஜெனரேற்றரை மண்டபத்துக்குத் தூரத்தில் வையுங்கள்.

மொட்டை மாடியில் வெள்ளைத் துணிகள் காயும் காட்சியில் வெள்ளை எழுத்துத் துணைத்தலைப்பு தெரியாமல் போகலாம். முன்கூட்டியே மஞ்சள் எழுத்துக்கு மாற்றி, கறுப்பு விளிம்பும் வையுங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட வானொலி அறிவிப்பாளனாக வரும் மாஸ்ட்ரோயானி, சோபியா லோரனை ஒரு துணியால் சுற்றி விளையாடுகிறார். அந்தப் பெண் முத்தமிட, அவர் அசையாமல் நிற்கிறார். தான் ஓரினச்சேர்க்கையாளன் என்பதை அங்கேதான் சொல்கிறார். அடி வாங்குகிறார். அதுவரை மெதுவாகவே கதைத்த மனிதர் மாடிப்படியில் நின்று கத்துவார். அந்த இடத்தில் ஒருவரும் சத்தத்தைக் குறைக்க எழும்பக்கூடாது.